ஒரு பில்லியன் வரும், அதுக்குப் பிறகு?

"டொய் ஸ்டோரி 5" இந்த வருசம் ஜூன் 19ஆம் திகதி திரைக்கு வருகிறது. இன்னும் மாதக்கணக்குக் கிடக்கு. அதுக்குள்ளேயே சண்டை தொடங்கிவிட்டது. ஒரு பில்லியன் டொலர் அடிக்குமா, அடிக்காதா? ஏழு வருசம் கழிச்சு வாற ஐந்தாம் பாகத்தை ஆர் பாப்பினம் என்று ஒரு பக்கம். வுடியும் பஸ்ஸும் வந்தால் சனம் அள்ளுப்படும் என்று மறுபக்கம். நாலாம் பாகம் முடிந்த விதத்துக்குப் பிறகு சொல்ல என்ன கதை மிச்சம் இருக்கிறது என்று கேட்டவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

இந்த வருத்தம் எங்களுக்குப் புதுசில்லை. தமிழ்ப் படங்களின் முதல் நாள் வசூலை வைத்து, அந்தத் தயாரிப்பாளருக்கே இல்லாத அக்கறையோடு விடிய விடிய அடிபட்ட சனம்தானே நாங்கள். அதில் ஒரு சதம் எங்கட கைக்கு வராது என்பது வேறு விசயம். ஆனால் அனிமேஷன் படங்களின் தொடர்ச்சிகளைப் பற்றிய ஆருடங்களில் இதைவிடப் பெரிய கேடு இருக்கிறது. அதைத்தான் இங்கே பேசப் போகிறோம். கலைப்பீடக்காரருக்கு என்னத்துக்கு உந்தக் கணக்கு என்று சிலர் கேட்பார்கள். கணக்கைக் கணக்காளர்களிடம் மட்டும் விட்டதால் வந்த வினைதான் இது என்பதே எங்கள் பதில்.

எங்கள் வாதம் இதுதான். படம் வருமுன் சொல்லப்படுகிற எண் படம் வந்த பிறகு அளவுகோலாக மாறிவிடுகிறது. 120 மில்லியன் வந்தால் அது வெற்றியா தோல்வியா என்பதை 120 தீர்மானிப்பதில்லை. முதல் கிழமை ஆரோ சொல்லிவைத்த 140 தீர்மானிக்கிறது. அந்தத் தீர்ப்பை வைத்துத்தான் அடுத்து எந்தப் படம் எடுக்கப்படும், எது குப்பைக் கூடைக்குப் போகும், ஆருக்கு வேலை போகும் என்பதெல்லாம் முடிவாகிறது.

கற்பனையாகச் சொல்லவில்லை. 2019இல் "டொய் ஸ்டோரி 4" வந்தபோது அமெரிக்காவில் முதல் வார இறுதிக்கு 140 மில்லியன் டொலர், அதுக்கும் மேலே என்றெல்லாம் ஆருடம் சொன்னார்கள். வந்தது ஏறத்தாழ 121 மில்லியன். உடனே "எதிர்பார்ப்பை எட்டவில்லை", "தொடர்ச்சிகளால் சனம் களைத்துவிட்டது" என்று எழுதத் தொடங்கினார்கள். அந்த வருசம் "லெகோ மூவி 2", "சீக்ரெட் லைஃப் ஒஃப் பெட்ஸ் 2" இரண்டும் முதல் பாகத்தின் பாதியைக்கூடத் தொடமுடியாமல் தடுமாறியிருந்தபடியால், களைப்புக் கதை நல்லா எடுபட்டது. கடைசியில் டொய் ஸ்டோரி 4 உலகளவில் 1.07 பில்லியன் டொலரோடு மூன்றாம் பாகத்தையும் ஒரு மயிரிழை முந்தியது. ஒஸ்கார் விருதும் எடுத்தது. அதே வருசக் கடைசியில் "ஃப்ரோசன் 2" 1.4 பில்லியனைத் தாண்டியது. களைத்த சனம் எங்கே போனது என்று அதுக்குப் பிறகு ஒருத்தரும் கேட்கவில்லை. ஆருடம் பிழைத்தால் ஆருடம் சொன்னவருக்கு நட்டமில்லை. அடுத்த கிழமை அடுத்த படம்.

இந்த எண் எப்படிச் சமைக்கப்படுகிறது என்று பார்த்தால் இன்னும் விளங்கும். படம் வெளியாக மூன்று நாலு கிழமைக்கு முதல் ஆராய்ச்சி நிறுவனங்கள் சனத்திடம் கேட்கும்: இந்தப் படம் வருவது தெரியுமா, பார்க்க விருப்பமா, இந்தக் கிழமை ஒரு படம்தான் பார்க்கலாம் என்றால் இதைத் தெரிவீர்களா? அதோடு முன்கூட்டி விற்ற டிக்கெட்டுகளின் கணக்கைச் சேர்த்து, இதே மாதிரியான பழைய படங்களோடு ஒப்பிட்டு ஒரு எண்ணைச் சொல்வார்கள். சுப்பர்ஹீரோ படத்துக்கு இந்த முறை ஓரளவு சரிவரும். அதன் ரசிகர் ஒரு மாதத்துக்கு முதலே சீட்டுப் பிடித்துவிடுவார். குடும்பப் படத்துக்கு அப்படியில்லை. ஏழு வயதுப் பிள்ளையிடம் ஆரும் கருத்துக்கணிப்பு எடுப்பதில்லை. சனிக்கிழமை காலை பிள்ளைக்குக் காய்ச்சல் இல்லை, அம்மாவுக்கு வேலை இல்லை, மழையும் இல்லை என்றால்தான் அந்தக் குடும்பம் வெளிக்கிடும். டிக்கெட் வாசலில் எடுப்பார்கள். இந்தச் சனத்தை எந்தக் கணிப்பும் பிடிக்காது. இதுக்கு மேலே ஸ்டூடியோக்காரரின் கெட்டித்தனம் ஒன்று இருக்கிறது. வேண்டுமென்றே குறைந்த எண்ணை வெளியில் கசியவிடுவது. கீழே வைத்த கம்பியைத் தாண்டுவது லேசுதானே.

ஆனால் கெட்டித்தனத்தால் மட்டும் விளக்கமுடியாத பிழைகளும் இருக்கின்றன. 2024 ஜூனில் "இன்சைட் அவுட் 2" முதல் வார இறுதியில் 80, மிஞ்சினால் 90 மில்லியன் எடுக்கும் என்பதுதான் பரவலான கணிப்பு. எடுத்தது 154. முடிவில் உலகளவில் 1.69 பில்லியன். அதே வருசம் நவம்பரில் "மோவானா 2"க்கு ஐந்து நாளில் 120, 130 மில்லியன் என்று பேசினார்கள். அது 220ஐத் தாண்டியது. இரண்டுமே பெண் பிள்ளைகளை நடுவில் வைத்த கதைகள். ஒன்று பதின்மூன்று வயதுப் பிள்ளையின் பதற்றத்தைப் பற்றியது, மற்றது பசிபிக் தீவு ஒன்றின் மகளைப் பற்றியது. இந்தச் சனம் தியேட்டருக்கு வராது என்று எந்தக் கணக்காளரும் வெளிப்படையாகச் சொல்லவில்லை. ஆனால் கணக்கில் அவர்களைப் பாதியாக்கித்தான் வைத்திருந்தார்கள்.

மோவானாவின் கதையில் கொஞ்சம் நிற்கவேண்டும். முதல் படம் 2016இல் வந்தபோது 640 மில்லியனுக்குக் கிட்ட எடுத்தது. நல்ல வசூல், அவ்வளவுதான். பிறகு அது வீடுகளுக்குள் போனது. 2023இல் அமெரிக்காவில் ஸ்ட்ரீமிங்கில் அதிக நேரம் பார்க்கப்பட்ட திரைப்படம் எது என்று பார்த்தால், அந்த ஏழு வருசப் பழைய மோவானாதான். 11 பில்லியன் நிமிசத்துக்கு மேல். சாப்பாடு தீத்தும்போதும், பயணத்திலும், நித்திரைக்கு முதலும் திருப்பித் திருப்பி ஓடிய படம். இவ்வளவையும் கையில் வைத்துக்கொண்டு டிஸ்னி இரண்டாம் பாகத்தைத் தங்கள் ஸ்ட்ரீமிங் தளத்துக்கான தொடராகத்தான் தயாரித்துக்கொண்டிருந்தது. 2024 பெப்ரவரியில்தான் அதைத் திரைப்படமாக மாற்றுவதாக அறிவித்தார்கள். ஒரு பில்லியனை வீட்டுத் திரையில் விடப் பார்த்தவர்களைத்தான் நாங்கள் சந்தையைக் கரைத்துக் குடித்தவர்கள் என்று நம்பிக்கொண்டிருக்கிறோம்.

இதில் ஒரு வேடிக்கை. டொய் ஸ்டோரி 5இன் டீசரில் பொனிக்கு ஒரு பொதி வருகிறது. உள்ளே தவளை வடிவத்தில் ஒரு டப்லெட். பேர் லிலிபேட். பிள்ளை அதில் மூழ்க, பொம்மைகள் ஓரத்தில் கிடக்கின்றன. பொம்மைகளுக்கும் திரைக்கும் இடையிலான போர்தான் கதை. ஆனால் டிஸ்னியின் தொடர்ச்சிகளை இன்றைக்குத் தூக்கி நிறுத்துவது அதே டப்லெட்தான்! மோவானாவைப் பில்லியனுக்குக் கொண்டுபோனது பின்சீட்டில் இருந்து டப்லெட் பார்த்த பிள்ளை. படத்தில் அதை வில்லனாக்குகிறார்கள், கணக்குப் புத்தகத்தில் அதுதான் கதாநாயகன். இயக்குநர் ஆன்ட்ரூ ஸ்டான்டன் "ஃபைண்டிங் நீமோ"வும் "வோல்-ஈ"யும் எடுத்த மனிசன். இந்த முரணை அவர் தொடுகிறாரா, இல்லாட்டி பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லி முடிக்கிறாரா என்பதுதான் எங்களுக்கு உண்மையான கேள்வி.

எங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். எங்களில் பலர் டொய் ஸ்டோரியைத் தியேட்டரில் பார்த்தவர்கள் இல்லை. கடையில் வாங்கின கொப்பி சீடி, பிறகு ஆரோ மச்சானின் பென் டிரைவ். இடையில் படம் இறுகி நிற்கும், தட்டினால் ஓடும். அப்படிப் பார்த்து அழுதவர்கள் எந்த வசூல் கணக்கிலும் இல்லை. திருட்டுக் கொப்பிக்கு வக்காலத்து வாங்கவில்லை. ஒரு படம் எத்தனை பேருக்குள் போனது என்பதை பொக்ஸ் ஒபிஸ் ஒருபோதும் அளந்ததில்லை என்று மட்டும் சொல்கிறோம்.

இனி விலை கொடுத்தவர்களுக்கு வருவோம். 2020இன் கடைசியில் இருந்து 2022 வரைக்கும் பிக்ஸாரின் மூன்று படங்களை ("சோல்", "லூக்கா", "டேர்னிங் ரெட்") அமெரிக்காவில் டிஸ்னி நேரே ஸ்ட்ரீமிங்கில் விட்டது. பிக்ஸார் படத்துக்குத் தியேட்டருக்குப் போகத் தேவையில்லை, வீட்டில் காத்திருந்தால் வரும் என்று சனத்தைப் பழக்கியவர்கள் அவர்களே. பிறகு 2022இல் "லைட்இயர்" வந்து, 200 மில்லியன் செலவில் உலகளவில் 226 மில்லியன்தான் எடுத்தது. வசூலில் பாதிக்குக் கிட்டத் தியேட்டர்காரர் எடுத்துவிடுவார்கள். அதனால் செலவின் இரண்டரை மடங்கு வந்தால்தான் கையைக் கடிக்காது என்பது தொழிலில் பழகிய கைக்கணக்கு. அந்தக் கணக்கில் லைட்இயர் பெரிய நட்டம். 2023 மே மாதம் பிக்ஸாரில் 75 பேரை நிறுத்தினார்கள். அதில் லைட்இயரின் இயக்குநர் அங்கஸ் மக்லேனும், தயாரிப்பாளர் கேலின் சஸ்மனும் இருந்தார்கள்.

கேலின் சஸ்மன் ஆர் தெரியுமா? 1998இல் "டொய் ஸ்டோரி 2" பாதி வளர்ந்த நிலையில் ஆரோ கொடுத்த ஒரு பிழையான கட்டளையால் படத்தின் கோப்புகள் கணினியில் இருந்து அழிந்துகொண்டு போயின. காப்புப் பிரதியும் சரியாக வேலை செய்யவில்லை. அப்போது கைக்குழந்தையோடு வீட்டில் இருந்து வேலை செய்த சஸ்மனின் கணினியில் ஒரு பிரதி இருந்தது. அந்தக் கணினியைப் போர்வையால் சுற்றிக் காரில் வைத்துக் கொண்டுவந்துதான் படத்தைக் காப்பாற்றினார்கள். லைட்இயர் தோற்றதால்தான் அவரை நிறுத்தினோம் என்று நிறுவனம் எழுதிக்கொடுக்கவில்லை. எழுதிக்கொடுக்கவும் மாட்டார்கள். ஆனால் ஐந்தாம் பாகம் வரைக்கும் இந்தச் சங்கிலி அறாமல் வந்ததில் பங்குள்ள ஒரு பெண்ணுக்கு வசூல் பட்டியல் என்ன மரியாதை கொடுத்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த ஐந்தாம் பாகம் எப்போது அறிவிக்கப்பட்டது என்பதும் முக்கியம். 2023 பெப்ரவரியில் டிஸ்னியின் தலைவர் பொப் ஐகர் முதலீட்டாளர்களோடு பேசிய கூட்டத்தில். அதே பேச்சில்தான் 7,000 பேரின் வேலையை வெட்டுவதாகவும், 5.5 பில்லியன் டொலர் செலவைக் குறைப்பதாகவும் சொன்னார். அதே மூச்சில் டொய் ஸ்டோரி, ஃப்ரோசன், சூட்டோப்பியா மூன்றுக்கும் புதுப் பாகங்கள் வரும் என்றார். ஒரு எழுத்தாளர் கதையோடு வந்து கதவைத் தட்டினார் என்றா அறிவித்தார்கள்? பங்குக்காரரை ஆறுதல்படுத்தத்தான் வுடி மேடைக்கு அழைக்கப்பட்டான். அடுத்த வருசம் மே மாதம் பிக்ஸார் இன்னும் 14 வீதம் ஆட்களைக் குறைத்தது. ஏறத்தாழ 175 பேர். மற்ற மாதம் இன்சைட் அவுட் 2 வந்து முழு உலகத்திலும் காசை அள்ளியது. எதிர்வுகூறல் பாதிக்குப் பாதி பிழைத்த அந்தப் படத்தின் காசு, வெளியே போனவர்களைத் திருப்பிக் கூப்பிடவில்லை.

"அப்ப சனம் புதுக் கதைக்குப் போனால்தானே எடுப்பினம்" என்று உடனே சொல்வீர்கள். இது எங்களுக்குள்ளேயே நடந்த வாக்குவாதம். நியாயமான கேள்வி. 2025 ஜூன் 20ஆம் திகதி பிக்ஸாரின் "எலியோ" வந்தது. தொடர்ச்சி இல்லை, முழுப் புதுக் கதை. முதல் வார இறுதியில் 21 மில்லியனுக்குக் கிட்ட எடுத்து, பிக்ஸாரின் வரலாற்றிலேயே ஆக மோசமான தொடக்கம் என்ற பேரைக் கேட்டது. வேலை நடந்துகொண்டிருக்கும்போதே இயக்குநரை மாற்றி, கதையை மாற்றி, அரைமனதாக விளம்பரம் செய்து விட்ட படம். சனம் போகவில்லை என்பது உண்மைதான். ஆனால் அதே நாளில் நெட்பிளிக்ஸில் வந்தது என்ன? "கேபொப் டீமன் ஹன்டர்ஸ்". அதுவும் புதுக் கதை. சோனி நிறுவனம் தயாரித்து, தியேட்டரில் விடாமல் நெட்பிளிக்ஸுக்குக் கொடுத்த படம். அது நெட்பிளிக்ஸில் அதிகம் பார்க்கப்பட்ட திரைப்படமாகி, அதன் பாட்டுகள் எங்கட தங்கச்சிமாரின் போன் முழுக்க ஏறி, ஓகஸ்டில் "சேர்ந்து பாடுங்கோ" என்று தியேட்டருக்கே திரும்பி வந்தது. புதுக் கதை சனத்துக்கு வேண்டாம் என்று ஆர் சொன்னது? அந்தப் படத்துக்கு இப்போது இரண்டாம் பாகம் வரப்போகிறது. இனி அதுக்கும் ஆருடம் சொல்வார்கள்.

"எலிமென்டல்" இன்னொரு உதாரணம். 2023இல் 29.6 மில்லியனோடு தொடங்கினபோது செத்த வீடு கொண்டாடாத குறை. பிள்ளையின் எதிர்காலத்துக்காக ஊரை விட்டு வந்து கடை போட்ட அப்பா அம்மா, அந்தக் கடையைப் பொறுப்பெடுக்க மனமில்லாத மகள். இயக்குநர் பீட்டர் சோன் கொரியாவில் இருந்து நியூயோர்க் வந்த பெற்றோரின் பிள்ளை. படம் மெதுவாக வாய்வழியாகப் பரவியது. தென் கொரியாவில் 7 மில்லியனுக்கு மேல் டிக்கெட் விற்றது. முடிவில் ஏறத்தாழ 496 மில்லியன். லண்டனிலோ டொரொன்டோவிலோ இருக்கிற எங்கட சொந்தக்காரரின் வீட்டில் அந்தப் படம் என்ன செய்யும் என்று ஒரு வார இறுதிக் கணக்கால் சொல்ல ஏலாது. ஆனால் முதல் திங்கட்கிழமை எழுதின மரண அறிவித்தல்தான் இன்றைக்கும் பலருக்கு ஞாபகம் இருக்கிறது.

இந்த ஆருடங்களில் "உலகம்" என்பது எது என்ற கேள்வியும் இருக்கிறது. 2025 ஜனவரிக் கடைசியில் சீனாவில் வெளியான "நேஜா 2" 2 பில்லியன் டொலரைத் தாண்டியது. அனிமேஷன் படம் ஒன்று அந்த எல்லையைத் தாண்டியது அதுதான் முதல் தடவை. அதுவும் ஒரு தொடர்ச்சி. கிட்டத்தட்ட முழுக் காசும் சீனாவுக்குள்ளேயே வந்தது. இயக்குநர் ஜியாவ்சி மருந்தியல் படித்துவிட்டு, அனிமேஷனைத் தானாகப் பழகினவர் (பீடம் மாறிக் கனவு காண்கிறவர்களுக்கு ஒரு சின்ன ஆறுதல்). ஹொலிவூட் ஆருடக்காரர்களின் பட்டியலில் அந்தப் படம் வருமுன் இருக்கவே இல்லை. வந்த பிறகும் "அது சீனாக் காசு" என்று ஒதுக்கப் பார்த்தார்கள். பத்து மாதம் கழித்து "சூட்டோப்பியா 2" முதல் ஐந்து நாளில் 550 மில்லியனுக்கு மேல் எடுத்தபோது அதில் பாதிக்குக் கிட்ட வந்தது அதே சீனாவில் இருந்து. அப்போது மட்டும் அது "உலக வசூல்".

சரி. சொல்லித்தான் ஆகவேண்டும் என்றால் எங்கட எண்ணையும் சொல்கிறோம். டொய் ஸ்டோரி 5 ஒரு பில்லியனைத் தாண்டும். காரணம் கதை நல்லது கெட்டது இல்லை. 1995இல் முதல் படத்தைப் பார்த்த பிள்ளைக்கு இப்போது வீட்டில் இரண்டு பிள்ளை. பெற்றோர் தாங்களாகப் போகவிரும்பும் பிள்ளைகள் படம் வேறு எத்தனை இருக்கு? அமெரிக்காவில் பள்ளிக்கூட லீவு வேறு. ஜப்பானும் மெக்சிக்கோவும் இந்தப் பொம்மைகளைக் கைவிட்டதே இல்லை. பாதகமும் உண்டு. 12 நாள் கழித்து "மினியன்ஸ் 3" வருகிறது, அது சின்னப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போகும். சீனாவில் டொய் ஸ்டோரிக்கு எப்போதும் பெரிய பிடி இல்லை. 2019இல் நாலாம் பாகம் அங்கே வந்த அதே நாளில் மியசாகியின் "ஸ்பிரிட்டட் அவே" முதல் தடவையாகச் சீனத் தியேட்டர்களுக்கு வந்தது. 18 வருசப் பழைய படம், புத்தம் புது டொய் ஸ்டோரியைத் தூக்கிச் சாப்பிட்டது. (எந்த ஆருடமும் சொல்லாத இந்தச் செய்தி எங்களுக்கு இன்றைக்கும் பிடித்தது.) அமெரிக்காவில் முதல் வார இறுதிக்கு 120க்கும் 160க்கும் இடையில் வரும் என்று நினைக்கிறோம். 130 வந்து, அதுக்கு முதல் கிழமை ஆராவது 150 என்று சொல்லியிருந்தால், ஜூன் 22 திங்கட்கிழமை வரப்போகிற தலைப்புகளை நாங்கள் இப்பவே எழுதித் தரலாம்.

பில்லியன் வந்தால் என்ன நடக்கும்? ஆறாம் பாகம் பேசப்படும். பிக்ஸாரின் படைப்புத் தலைவர் பீட் டொக்டரே கடந்த வருசம் ஒரு மேடையில், சனம் ஏற்கெனவே விரும்பினதை மட்டும் கொடுப்பதென்றால் "டொய் ஸ்டோரி 27" எடுத்துக்கொண்டுதான் இருக்கவேண்டும் என்ற கருத்தில் பேசினார். பகிடியாகச் சொன்னாரா, பயத்தில் சொன்னாரா என்று தெரிவதுக்கு ஐந்தாம் பாகத்தைப் பார்த்தால் போதும். பில்லியன் வராவிட்டால்? பழி ஐகரின் தலையில் விழாது. ஆரோ ஒரு அனிமேட்டரின் தலையில் விழும்.

நாங்கள் தொடர்ச்சிகளுக்கு எதிரிகள் இல்லை. டொய் ஸ்டோரி 2 முதல் வீட்டு வீடியோவுக்கு என்று தொடங்கின மலிவான தொடர்ச்சிதான். அதைப் பிடுங்கி எடுத்துக் குறுகிய காலத்தில் முறிந்து முறிந்து வேலை செய்து, முதல் படத்தைவிட நல்ல படம் என்று பலர் சொல்லுமளவுக்குக் கொண்டுவந்தார்கள். ஜெஸி பாட்டுக் கேட்டு அழாதவர் இந்தக் குழுவில் ஒருத்தரும் இல்லை. ஐந்தாம் பாகத்தில் ஜெஸிதான் முன்னுக்கு நிற்கிறாள் என்கிறார்கள், அதுக்காகவே பார்ப்போம். நாங்கள் எதிர்ப்பது, படம் பார்க்கிறவன் முதலீட்டாளனின் மொழியைக் கடன் வாங்கிப் பேசுவதைத்தான். அவனுக்கு லாபப் பங்கு கிடைக்குது. எங்களுக்கு என்ன கிடைக்குது?

ஜூனுக்கு முதல், மார்ச் 6ஆம் திகதி, பிக்ஸாரின் "ஹொப்பர்ஸ்" வருகிறது. டேனியல் சொங் இயக்கியது. ஒரு பெண் பிள்ளை தன் மனத்தை ஒரு ரோபோ பீவருக்குள் செலுத்தி விலங்குகளோடு பேசப் போகிறாளாம். முதல் பாகம் இல்லை, பொம்மை வியாபாரம் முன்கூட்டி இல்லை, முந்தின கணக்கு ஒன்றும் இல்லை. கொழும்பில் ஓடினால் முதல் கிழமையே போகிற யோசனை. யாழ்ப்பாணத்துக்கும் வந்தால் இன்னும் நல்லம். பார்க்கிறவர்கள் எங்களுக்கு எழுதி அனுப்புங்கோ. ஐந்நூறு சொல் போதும். வசூல் விபரம் வேண்டாம், அந்த பீவர் சிரிக்க வைத்ததா என்று சொன்னால் சரி.